'கவுண்டர்'னு சொன்னா எந்தக் கோடு நம்பர்? சாதிவாரி கணக்கெடுப்பில் யாரும் பேசாத 'கோடிங்' வேலை

தருமபுரி மாவட்டத்தில் ஒரு வீட்டு வாசல். கணக்கெடுக்க வந்தவர் சாதி என்ன என்று கேட்கிறார். "கவுண்டர்ங்க" என்று பதில் வருகிறது. கேட்டவருக்கும் சொன்னவருக்கும் இதில் எந்தக் குழப்பமும் இல்லை. ஊருக்குள் யார் எந்தக் கவுண்டர் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஆனா அந்த ஒரே வார்த்தை ஒரு கணினி அட்டவணைக்குள் போய் உட்காரணும்னா, அதுக்கு ஒரு எண் வேணும். எந்த எண்? தருமபுரியில் வன்னியர்களும் 'கவுண்டர்' பட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள். கொங்கு வேளாளர்களும் கவுண்டர்தான். சித்தேரி, வத்தல்மலை பக்கம் இருக்கும் மலையாளி பழங்குடியினரும் தங்களைக் கவுண்டர் என்றே சொல்கிறார்கள். முதல் பிரிவு தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். இரண்டாவது பிற்படுத்தப்பட்டோர். மூன்றாவது பழங்குடியினர். ஒரே சொல், மூன்று இட ஒதுக்கீட்டுப் பட்டியல்கள்.

2027 மக்கள்தொகை கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரல் 30-ல் முடிவெடுத்ததிலிருந்து, கேள்வி கேட்கப்படுமா இல்லையா என்ற விவாதம் முடிந்துவிட்டது. பதிலை யார், எந்தப் பட்டியலை வைத்து, எந்த எண்ணுக்குள் போடுவார்கள் என்பது இன்னும் பெரிதாகப் பேசப்படவில்லை. போன முறை மொத்தக் கணக்கும் சிக்கிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

கோடிங்னா சாஃப்ட்வேர் எழுதுறதா?

இல்லை. இங்கே கோடிங் என்பது வேறு. மக்கள் தங்கள் வாயால் சொல்லும் பதிலை ஒரு எண்ணாக மாற்றும் வேலைக்குத்தான் இந்தப் பெயர். "என்ன தொழில்?" என்று கேட்டால் ஒருவர் "கரும்பு வெட்டப் போவேன்" என்பார், இன்னொருவர் "கூலி" என்பார், மூன்றாமவர் "பெங்களூர்ல கட்டட வேலை" என்பார். இப்படியே வைத்துக்கொண்டால் கூட்டிக் கழிக்க முடியாது. ஒவ்வொரு பதிலையும் தொழில் பட்டியலில் உள்ள ஒரு எண்ணோடு பொருத்த வேண்டும். தாய்மொழி, இறப்புக் காரணம், சாதி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

சின்ன சர்வே என்றால் நடத்தியவர்களே உட்கார்ந்து முடித்துவிடுவார்கள். லட்சக்கணக்கில் பதில் வந்தால் வெளியாட்களிடம்தான் கொடுத்தாக வேண்டும். இப்போது இது பெரும்பாலும் சாஃப்ட்வேர் வழியாக நடக்கிறது. பதில்களைச் சின்னச் சின்னக் கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கோடருக்கும் லாகின் கொடுத்து, அவர் பங்கு மட்டும் அவர் திரையில் வரும்படி செய்வார்கள். பதில் சொன்னவரின் பெயரும் முகவரியும் கோடருக்குத் தெரியக்கூடாது. எண் பட்டியல் பக்கத்திலேயே இருக்கும். பதிலைப் படிச்சு எண்ணைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த பதில் வரும்.

கேட்க எளிமையான வேலை மாதிரி இருக்கும். ஆனால் 'கவுண்டர்' என்று மட்டும் ஒரு வரி திரையில் வந்தால், ஊர் பெயரும் மறைக்கப்பட்டிருந்தால், எங்கோ உட்கார்ந்திருக்கும் அந்தக் கோடர் என்ன செய்வார்?

46 லட்சம் 'சாதிகள்' வந்தது எப்படி?

2011-ல் நடந்த சமூகப் பொருளாதார சாதிவாரி கணக்கெடுப்பு இதற்குச் சரியான பாடம். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த டேப்லெட்டுகளை வைத்து வீடு வீடாகத் தகவல் எடுத்தார்கள். கணக்கெடுப்பாளரோடு ஒரு டேட்டா என்ட்ரி ஆபரேட்டரும் போனார். சாதிப் பெயரை மக்கள் எப்படிச் சொன்னார்களோ, காதில் எப்படி விழுந்ததோ, அப்படியே டைப் செய்தார்கள். முன்கூட்டியே தயாரித்த சாதிப் பட்டியல் எதுவும் கையில் இல்லை.

விளைவு என்ன? 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் அது வெளியே வந்தது. 1931 கணக்கெடுப்பில் மொத்தம் 4,147 சாதிகள். 2011-ல் பதிவானது 46 லட்சத்துக்கும் மேல். நாட்டில் புதிதாக 45 லட்சம் சாதிகள் முளைத்துவிடவில்லை. சாதி, உட்சாதி, பட்டப்பெயர், குலப்பெயர், எழுத்துப்பிழை எல்லாம் தனித்தனி வரியாக நின்றதால் வந்த எண்ணிக்கை அது. மலபார் பகுதியில் 'மாப்பிளா' என்ற ஒரே பெயர் 40 விதமாக எழுதப்பட்டு 40 சாதியாகப் பதிவாகியிருப்பதையும் அரசே அதில் உதாரணமாகக் காட்டியது.

அதாவது கேள்வி கேட்டாச்சு, பதிலும் வந்தாச்சு. கோடிங் மட்டும் நடக்கவில்லை. 2015-ல் அப்போதைய நிதி ஆயோக் துணைத் தலைவர் அரவிந்த் பனகாரியா தலைமையில் இதை வகைப்படுத்த ஒரு நிபுணர் குழு அறிவிக்கப்பட்டது. ஆனால் இன்று வரை அந்தச் சாதிக் கணக்கு வெளிவரவில்லை. குடிசை வீடு எத்தனை, நிலமில்லாதவர் எத்தனை என்ற பொருளாதாரத் தகவல்கள் வந்து, நலத்திட்டப் பயனாளிகளைத் தேர்வு செய்யவும் பயன்பட்டன. சாதி மட்டும் கிடப்பில்.

இது முதல் தடவையும் இல்லை. 1941 கணக்கெடுப்பிலும் சாதி கேட்கப்பட்டது. உலகப் போர் நேரச் செலவுச் சுருக்கத்தில் அது தொகுக்கப்படவே இல்லை. அதனால்தான் இன்றும் 1931 எண்களையே எல்லாரும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தருமபுரிக்கு இதுல என்ன நஷ்டம்?

2021 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20% இட ஒதுக்கீட்டுக்குள் வன்னியகுல க்ஷத்திரியர்களுக்கு 10.5% உள் ஒதுக்கீடு வழங்கிச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு நவம்பர் 1-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. 2022 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றமும், நீதிபதிகள் எல்.நாகேஸ்வர ராவ், பி.ஆர்.கவாய் அமர்வு, அந்த ரத்தை உறுதி செய்தது. உள் ஒதுக்கீடே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இந்தப் பிரிவைத் தனியாகப் பிரிப்பதற்கு இன்றைய நிலையைக் காட்டும் தரவு எங்கே என்பதுதான் கேள்வியாக இருந்தது. கையில் இருந்தது 1983-ல் அம்பாசங்கர் ஆணையம் எடுத்த வீடு வீடான கணக்கு.

வன்னியர்கள் அதிகமாக வாழும் மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. இங்கே இது தேர்தல் மேடைப் பேச்சு மட்டும் இல்லை, அட்மிஷன் சமயத்தில் வீட்டுக்குள் பேசப்படும் விஷயம். இப்போது மாநிலப் பட்டியலைப் பாருங்கள். வன்னியகுல க்ஷத்திரியர் என்ற பதிவுக்குள் வன்னியர், வன்னிய கவுண்டர், படையாட்சி, பள்ளி, அக்னிகுல க்ஷத்திரியர் ஆகியவற்றோடு 'கவுண்டர் அல்லது கண்டர்' என்றும் இருக்கிறது. கொங்கு வேளாளர் பதிவுக்குள் வேளாளக் கவுண்டர், நாட்டுக் கவுண்டர் என்று ஒரு நீண்ட வரிசை.

ஆக, பட்டியலை எழுத்துக்கு எழுத்து பின்பற்றும் ஒரு கோடர், வெறும் 'கவுண்டர்' என்று வந்ததை எல்லாம் வன்னியர் கணக்கில் சேர்த்துவிடலாம். கொங்கு மண்டலத்தைச் சேர்ந்த இன்னொரு கோடர், தனக்குப் பழக்கமான அர்த்தத்தில் எல்லாவற்றையும் கொங்கு வேளாளராக்கிவிடலாம். இரண்டு பேரும் நேர்மையாகத்தான் வேலை செய்திருப்பார்கள். ஆனால் இரண்டு கணக்குகள் வரும். எந்தக் கணக்கு நீதிமன்றம் போனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

மலையாளி, குருமன்ஸ்: ஒரு எழுத்து மாறினா போச்சு

தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயருக்கு ஒரு நிபந்தனை உண்டு. தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் இருந்தால்தான் அவர்கள் பழங்குடியினர். இதில் இருப்பவை பழைய மாவட்டப் பெயர்கள். அதே மக்கள் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருந்தால் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். அங்கே இது பல ஆண்டுக் கோரிக்கை.

சரி, இப்போது ஊர் பெயர் தெரியாத ஒரு வெளியூர் கோடரிடம் 'மலையாளி' என்று ஒரு பதில் வருகிறது. அவர் முதலில் நினைப்பது கேரளாவைத்தான். சித்தேரியில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஒரு குடும்பம், ஓசூரில் வேலை பார்க்கும் பாலக்காட்டுக்காரர், இரண்டும் ஒரே எண்ணில் விழ வாய்ப்பு இருக்கிறது. அரூர் பக்கத்து வாச்சாத்தி மக்களும் மலையாளி பழங்குடியினர்தான். அந்த வழக்கு நாடு முழுக்கப் பேசப்பட்டது. அந்த மக்களின் சாதிப் பெயருக்கு அடுத்த மாநிலத்தில் வேறு அர்த்தம் என்பது பலருக்கும் தெரியாது.

இன்னொன்று இதைவிடச் சிக்கல். 'குருமன்ஸ்' தமிழ்நாடு முழுக்கப் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறது. 'குரும்பாஸ்' நீலகிரி மாவட்டத்தில் மட்டும் பழங்குடியினர். 'குரும்பா' மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் குருமன்ஸ் சாதிச் சான்றிதழ் கேட்டு நீண்ட காலமாகப் போராட்டங்களும் வழக்குகளும் நடந்து வருகின்றன. பேச்சு வழக்கில் குரும்பர், குருமர், குரும்பக் கவுண்டர் என்று எப்படி வேண்டுமானாலும் சொல்வார்கள். கோட்டாட்சியர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் விசாரித்து முடிவெடுக்கும் ஒரு விஷயத்தை, கோடர் ஒருவர் சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

'ஆதிதிராவிடர்' என்ற சொல்லும் இப்படித்தான். அரசுத் துறையின் பெயரிலேயே அது பட்டியல் சாதிகள் எல்லாருக்குமான பொதுச் சொல். அதே சமயம் பட்டியலில் அது தனி ஒரு சாதியின் பெயரும்கூட. அருந்ததியர் குடும்பம் ஒன்று பொதுச் சொல்லாக நினைத்து "ஆதிதிராவிடர்" என்று சொன்னால், 3% அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுக்கான கணக்கில் அந்தக் குடும்பம் காணாமல் போகும்.

வெளி கோடர்களை வைத்து ஒழுங்காச் செஞ்ச உதாரணம் இருக்கா?

இருக்கு. சாதிக்கு இல்லை, சாவுக்கு.

இந்தியாவில் பெரும்பாலான மரணங்கள் வீட்டில் நடக்கின்றன. என்ன காரணம் என்று டாக்டர் சான்றிதழ் இருக்காது. 'மில்லியன் டெத் ஸ்டடி' என்ற ஆய்வு, இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகமும் டொரன்டோவைச் சேர்ந்த பிரபாத் ஜா தலைமையிலான குழுவும் சேர்ந்து நடத்தியது. களப்பணியாளர்கள் இறந்தவர் வீட்டுக்குப் போய், என்ன நடந்தது என்று குடும்பத்தினர் சொல்வதை அவர்கள் மொழியிலேயே எழுதி வருவார்கள். அந்தக் களப்பணியாளர்கள் மருத்துவர்கள் இல்லை. காரணத்தை முடிவு செய்வது அவர்கள் வேலையும் இல்லை.

அந்த எழுத்து கணினியில் ஏறும். நாடெங்கும் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் கோடர்களாக இருந்தார்கள். ஒவ்வொரு மரணத்தையும் அந்த மொழி தெரிந்த இரண்டு மருத்துவர்களுக்கு சாஃப்ட்வேர் ஒதுக்கும். ஒருவர் என்ன எண் போட்டார் என்பது மற்றவருக்குத் தெரியாது. இருவரும் ஒரே எண் போட்டால் முடிந்தது. மாறினால், ஒருவர் சொன்ன காரணத்தை மற்றவர் பார்த்து மறுபரிசீலனை செய்யலாம். அப்பவும் ஒத்துப்போகலைன்னா மூத்த மருத்துவர் ஒருவரிடம் போகும். அவர் முடிவே இறுதி.

தமிழ்நாட்டுக்கு இந்த முறை புதிதும் இல்லை. 1990-களிலேயே சென்னையிலும் விழுப்புரத்திலும் டாக்டர் வி.கஜலட்சுமி குழுவினர் இதுபோல வீட்டு விசாரணை மூலம் இறப்புக் காரணங்களைத் தொகுத்திருக்கிறார்கள். சென்னையில் மட்டும் சுமார் 48,000 மரணங்கள். பீடிக்கும் சிகரெட்டுக்கும் காசநோய்ச் சாவுக்கும் உள்ள தொடர்பை உலகுக்குக் காட்டியதில் இந்தப் பணிக்குப் பெரிய பங்கு உண்டு.

மில்லியன் டெத் ஸ்டடியால் என்ன மாறியது? பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் மட்டும் சுமார் 46,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. மருத்துவமனைப் பதிவுகள் காட்டியதைவிட இது பல மடங்கு. வயல்காட்டில் கடிபட்டு வீட்டிலேயே இறந்தவர்கள் அதற்கு முன் எந்தக் கணக்கிலும் இல்லை.

ஆனா இந்த முறையும் தப்பே வராத முறை இல்லை. 2010-ல் இதே ஆய்வு, 70 வயதுக்குட்பட்டவர்களில் ஆண்டுக்குச் சுமார் 2,05,000 பேர் மலேரியாவால் இறப்பதாகச் சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் அப்போதைய மதிப்பீடு 15,000. 'கடும் காய்ச்சல் வந்து இறந்தார்' என்று குடும்பம் சொன்னதை மலேரியா என்று எண்ணிட்டது சரியா என்று அந்த நிறுவனம் கேள்வி எழுப்பியது. இரண்டு டாக்டர்கள் ஒத்துப்போனார்கள் என்பதால் மட்டும் அது உண்மையாகிவிடாது, இருவரும் ஒரே மாதிரி தவறலாம். இருந்தாலும் ஒரு வித்தியாசம் கவனிக்கத்தக்கது. குடும்பம் சொன்ன வார்த்தைகள் அப்படியே பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான் அந்தச் சண்டையே சாத்தியமானது. எண் மட்டும் இருந்திருந்தால் யாரும் எதையும் திருப்பிப் பார்த்திருக்க முடியாது.

2027-ல் என்ன நடக்கப் போகுது?

சாதிக் கேள்வி வருவது 2027 பிப்ரவரியில் திட்டமிடப்பட்டுள்ள இரண்டாம் கட்டத்தில். 2026-ன் வீட்டுப் பட்டியல் கட்டத்தில் அது கிடையாது. முதன்முறையாக டிஜிட்டல் கணக்கெடுப்பு. சுமார் 30 லட்சம் களப்பணியாளர்கள் மொபைல் செயலியில் பதிவு செய்வார்கள். வீட்டுக்காரர்களே ஆன்லைனில் நிரப்பும் வசதியும் உண்டு.

செயலி என்றதும் எல்லாரும் எதிர்பார்ப்பது திரையில் விரியும் ஒரு பட்டியல். பெயரைத் தேர்ந்தெடுத்தால் எண் தானாகப் பதிவாகிவிடும். 46 லட்சம் பிரச்னை வராது. பிகார் 2023-ல் இதைத்தான் செய்தது. இருநூற்றுக்கும் மேற்பட்ட சாதிகளுக்கு முன்கூட்டியே எண் கொடுத்து, பட்டியலில் இல்லாதவர்களுக்கு ஒரு 'மற்றவை' எண். அக்டோபர் 2-ல் முடிவு வெளியானது. வேலை வேகமாக முடிந்தது உண்மை. அதேநேரம் திருநர்களுக்கும் ஒரு சாதி எண், 22, கொடுக்கப்பட்டது வழக்கு வரை போனது. பாலினத்தைச் சாதிப் பட்டியலில் சேர்த்தது யார் முடிவு? பட்டியலை எழுதியவரின் முடிவு.

பட்டியல் முறையில் கோடிங் வேலை ஒழிந்துவிடுவதாகத் தோன்றும். உண்மையில் அது வீட்டு வாசலுக்கு இடம் மாறுகிறது. முன்பு ஒரு மையத்தில் உட்கார்ந்து யாரோ செய்ததை இனி கணக்கெடுப்பாளர் நின்றபடி செய்வார். தருமபுரி மாதிரி ஊரில் அவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர். 30 லட்சம் பேரும் கோடர்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரே கோடர்.

இதில் நல்லதும் உண்டு. வெளியூர் கோடரால் திருப்பிக் கேட்க முடியாது. ஆசிரியரால் முடியும். "எந்தக் கவுண்டர்ங்க? சர்டிபிகேட்ல என்ன போட்டிருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். மறுபக்கம், அவர் அதே ஊர்க்காரர். அவருக்கும் ஒரு சாதி உண்டு. தன் பிரிவின் எண்ணிக்கை கூடினால் மகிழ்பவராகவும் இருக்கலாம், பக்கத்துத் தெருவின் பழங்குடிச் சான்றிதழை நம்பாதவராகவும் இருக்கலாம். பெயர் தெரியாத வெளி கோடருக்கு இந்த ஆசாபாசம் எதுவும் கிடையாது. கேட்கத் தெரிந்தவருக்குச் சார்பு இருக்கலாம், சார்பு இல்லாதவரால் கேட்க முடியாது. இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்ப்பது கஷ்டம். மில்லியன் டெத் ஸ்டடியில் எழுதி வருபவரையும் எண்ணிடுபவரையும் பிரித்து வைத்ததற்கு அர்த்தம் இருக்கிறது.

பட்டியல் முறையிலும் 'மற்றவை' என்று ஒரு கட்டம் இருந்தே தீரும். அங்கே டைப் செய்யப்படுபவை மறுபடி ஒரு கோடரிடம்தான் போகும். மொழிக் கணக்கில் இதன் அளவைப் பார்க்கலாம். 2011-ல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. மொழியியல் ஆய்வுக்குப் பிறகு அவை 1,369 தாய்மொழிகளாகச் சுருங்கின. 1,474 பெயர்கள் வகைப்படுத்தப்படாமல் 'மற்றவை'யில் போயின. கடைசியில் வெளியிடப்பட்டவை 121 மொழிகள். போஜ்புரி இந்திக்குக் கீழே போனது. நீலகிரி படுகர்களின் மொழி கன்னடத்துக்குக் கீழே போனது. படுகர்கள் யாரும் வாசலில் நின்று "கன்னடம்" என்று சொன்னதால் அப்படி ஆகவில்லை.

இன்னொரு விஷயம், ரகசியம். மக்கள்தொகை கணக்கெடுப்பு 1948 சட்டத்தின் கீழ் நடப்பது. அதன் 15-வது பிரிவுப்படி தனிநபர் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது, வழக்கில் சாட்சியமாகவும் காட்ட முடியாது. 2011 சாதிக் கணக்கெடுப்பு இந்தச் சட்டத்தின் கீழ் நடக்கவில்லை, 2027-ல் இந்தப் பாதுகாப்பு உண்டு. கோடிங் வேலை வெளி நிறுவனம் எதற்காவது கொடுக்கப்பட்டால், பெயரையும் கதவு எண்ணையும் நீக்கிவிட்டு அனுப்புவதுதான் வழி. ஆனால் மாவட்டத்தையும் சேர்த்து நீக்கிவிட்டால் 'மலையாளி' பிரச்னை மறுபடி வரும். எவ்வளவு மறைப்பது, எவ்வளவு காட்டுவது என்பதைச் சாதிக்குச் சாதி யோசித்து வைக்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுப் பட்டியலுக்கு மாவட்டமாவது தெரிந்தாக வேண்டும்.

மத்திய, மாநிலப் பட்டியல்கள் ஒன்றல்ல என்பதும் சேர்ந்துகொள்கிறது. மத்தியப் பட்டியலில் 'மிகவும் பிற்படுத்தப்பட்டோர்' என்ற பிரிவே கிடையாது. வன்னியரும் கொங்கு வேளாளரும் அங்கே ஒரே ஓபிசி. எனவே பிரிவை மட்டும் பதிந்தால் தமிழ்நாட்டுக்குப் பயனில்லை, சாதிப் பெயர் தனித்தனியாக வேண்டும். கவுண்டர் விஷயத்தில் தவறு நடந்தால் டெல்லி அட்டவணையில் அது தெரியவே தெரியாது. சென்னையில் 20 சதவீதத்தைப் பங்கு பிரிக்கும்போதுதான் தெரியும்.

வீட்டுக்கு வரும்போது என்ன கவனிக்கணும்?

சாதியைச் சொல்வது அவரவர் வாய்மொழி. சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது கணக்கெடுப்பின் வழக்கம் இல்லை. ஆனாலும் பட்டப்பெயரை மட்டும் சொல்லாமல், சாதிச் சான்றிதழில் இருக்கும் முழுப் பெயரைச் சொல்வது நல்லது. கவுண்டர், நாயக்கர், செட்டியார், பிள்ளை ஆகிய நான்கும் தமிழ்நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட சாதியினர் பயன்படுத்தும் பட்டங்கள். குருமன்ஸ், குரும்பா போன்ற பெயர்களில் கடைசி எழுத்து வரை தெளிவாகச் சொல்லணும். கணக்கெடுப்பாளர் பதிவு செய்தபின் திரையில் எந்தப் பெயர் தேர்வாகியிருக்கிறது என்று காட்டச் சொல்லிப் பார்க்கலாம். ஆன்லைனில் நீங்களே நிரப்பினால், அந்த ஒரு பதிலுக்குக் கோடர் நீங்கள்தான். சமர்ப்பிக்கும் முன் அந்தக் கட்டத்தை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.